வேர்ட்பிரஸ் தளம் திறக்கவில்லை: எழுதியதெல்லாம் போய்விட்டதா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. தளத்தைத் திறந்தால் 'கிரிட்டிக்கல் எரர்' என்று ஒற்றை வரி வருகிறது, நிர்வாகப் பக்கத்துக்குள்ளும் நுழைய முடியவில்லை, என்ன செய்வது என்பது முதலாவது. அமைத்துக் கொடுத்த தம்பி வெளிநாட்டுக்குப் போய்விட்டார், தளத்துக்கு இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையத்தில் 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்' என்கிறார்கள், செய்யலாமா என்பது இரண்டாவது. சில கதைகளின் முகவரி முன்பிருந்தே பாதியில் அறுந்து நிற்கிறதே, அதுவும் இதே பழுதுதானா என்பது மூன்றாவது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: 8 வருடமாக எழுதிச் சேர்த்த 600 கதை, கட்டுரைகளும் இருக்கின்றனவா, போய்விட்டனவா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அநேகமாக ஒரு வரிகூடப் போயிருக்காது. அந்த 'அநேகமாக'வை நீங்களே பத்து நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

அப்படிச் சொல்லக் காரணம், வேர்ட்பிரஸ் தளம் என்பது ஒரே பொருள் அல்ல. நீங்கள் எழுதிய எழுத்து முழுவதும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், அதாவது தகவல்களை அட்டவணைகளாகச் சேர்த்துவைக்கும் கிடங்கில், இருக்கிறது. அதை எடுத்துப் பக்கமாக அடுக்கிக் காட்டும் வேலையைச் செய்வது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்புகள்: வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்புகள், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் ப்ளகின்கள். படங்கள் மட்டும் 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும். அச்சகத்தில் எந்திரம் நின்றுவிட்டது என்பதற்காகக் கையெழுத்துப் பிரதி எரிந்துபோய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா? உங்களுக்கு வந்திருக்கும் செய்தி எந்திரம் நின்றதற்கான செய்தி. டேட்டாபேஸோடு தொடர்பு அறுந்திருந்தால் வேர்ட்பிரஸ் வேறொரு வரியைக் காட்டும், அதில் 'டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' என்ற சொற்கள் இருக்கும். இது நல்ல அறிகுறிதான், ஆதாரம் அல்ல. ஆதாரத்தைக் கண்ணால் பார்த்துவிடுவோம்.

ஹோஸ்டிங் கணக்கின் கன்ட்ரோல் பேனலுக்குள் போங்கள். பெரும்பாலும் சி-பேனலாக இருக்கும். அதில் 'பிஎச்பி மைஅட்மின்' என்று ஒன்று உண்டு. திறந்தால் இடது பக்கம் டேட்டாபேஸின் பெயர், அதன் கீழே அட்டவணைகளின் பட்டியல். 'போஸ்ட்ஸ்' என்று முடியும் அட்டவணையைச் சொடுக்குங்கள். உங்கள் கதைகள் வரிசையாக வந்து நிற்கும். எதையும் திருத்த வேண்டாம், பார்த்தால் போதும். 600 பதிவு எழுதினேன், இங்கே 4000 வரிசை இருக்கிறதே என்று திகைக்காதீர்கள். நீங்கள் ஒவ்வொரு முறை திருத்திச் சேமித்தபோதும் முந்தைய வடிவத்தை வேர்ட்பிரஸ் அதே அட்டவணையில் எடுத்து வைத்திருக்கும். படங்களுக்கும் மெனுவுக்கும்கூட அங்கே வரிசை உண்டு. பார்த்தாயிற்றா? சரி, அதே பக்கத்தின் மேலே 'எக்ஸ்போர்ட்' இருக்கும். முழு டேட்டாபேஸையும் தேர்ந்துகொண்டு உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலிலேயே இருக்கும் ஃபைல் மேனேஜரில் 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரை ஜிப் செய்து அதையும், வெளியே தனியாக இருக்கும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்ற ஒற்றைக் கோப்பையும் இறக்குங்கள். இந்த மூன்றும் உங்கள் கையில் இருந்தால் அந்த ஹோஸ்டிங் நிறுவனமே நாளைக்குக் கடையை மூடினாலும் உங்கள் தளத்தை வேறு இடத்தில் எழுப்பலாம்.

இதைச் செய்து முடிக்கும்வரை வேறெதிலும் கை வைக்காதீர்கள். குறிப்பாக 'அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு' என்ற ஆலோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் ஒரே சொடுக்கில் வேர்ட்பிரஸ்ஸை நிறுவித் தரும் கருவி இருக்கிறதே, அதே கருவியில் 'நீக்கு' என்று அழுத்தினால் கோப்புகளோடு டேட்டாபேஸையும் சேர்த்தே தூக்கிவிடும் வாய்ப்பு உண்டு. வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்புகளை மட்டும் புதிதாக மாற்றி வைப்பது வேறு, எல்லாவற்றையும் அழித்து நிறுவுவது வேறு. உதவி மையத்தில் பேசுகிறவர் முதலாவதைத்தான் நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'ரீஇன்ஸ்டால்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லால் தளத்தை இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி பழுதுக்கு வருவோம். 'நான் எதையுமே தொடவில்லை, தானாக நின்றுவிட்டது' என்கிறீர்கள். இதைச் சொல்லாத ஆளை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் பலமுறை அது உண்மையாகவும் இருக்கும். ப்ளகின்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி 2020-லிருந்தே வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது. யாரோ என்றைக்கோ அதை இயக்கி வைத்திருந்தால் நீங்கள் தூங்கும்போது அது வேலை செய்யும். ஹோஸ்டிங்கில் இடம் நிரம்பியிருக்கலாம். எனக்குச் சந்தேகம் வேறிடத்தில். உங்கள் கேள்வியின் கடைசியில், ஒரு பொருட்டாக எண்ணாமல், 'போன வாரம் ஹோஸ்டிங்கிலிருந்து பிஎச்பி என்னமோ என்று ஒரு மெயில் வந்தது, படிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் நின்றது அந்த வரியில்தான்.

பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது. அதனால் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பழைய பதிப்பில் ஓடும் தளங்களை, அறிவிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, 8-க்கு நகர்த்துகின்றன. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0 பழைய பழக்கங்களை இரக்கமில்லாமல் வெட்டியது. 'கிரியேட் ஃபங்ஷன்', 'ஈச்' என்று முன்பு சகஜமாகப் புழங்கிய செயல்பாடுகளை அடியோடு நீக்கிவிட்டார்கள். எண்ண முடியாத ஒன்றை 'கவுன்ட்' செய்யச் சொன்னால் 7.4-இல் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும்; 8-இல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். 8 வருடத்துக்கு முன் எழுதி, யாரும் திரும்பிப் பார்க்காத தீமோ ப்ளகினோ உங்கள் தளத்தில் இருந்தால் இதில்தான் மாட்டியிருக்கும். இதைச் சோதிப்பது சுலபம். சி-பேனலில் பிஎச்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போய், இப்போது என்ன பதிப்பு என்று எழுதி வைத்துக்கொண்டு, 7.4 இன்னும் பட்டியலில் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். தளம் எழுந்துவிட்டால் காரணம் ஏறத்தாழ உறுதி. ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. அது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டமாதிரி. உள்ளே போய் எது பழையது என்று பார்த்து, புதுப்பித்தோ மாற்றியோவிட்டு மறுபடி 8-க்கு வந்தாக வேண்டும். நான் சொல்வது சந்தேகம் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு மெயிலை வைத்து நான் செய்யும் ஊகம் அது. உங்கள் தளத்தில் நேர்ந்த பிழைகளைக் குறித்துவைக்கும் பிழைப் பதிவைப் (லாக்) பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பிழைப் பதிவுக்கு இரண்டு வழி. முதல் வழியில் உங்களுக்குச் செலவே இல்லை. 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2-இலிருந்து, இப்படி ஒரு பழுது வந்தால் நிர்வாகியின் மெயிலுக்கு ஒரு கடிதம் போகும். எந்த ப்ளகினில், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் நின்றது என்பதோடு, அந்த ப்ளகினை உங்களுக்கு மட்டும் நிறுத்திவைத்து உள்ளே நுழையவிடும் ஒரு இணைப்பும் அதில் இருக்கும். இணைப்புக்கு ஒரு நாள் ஆயுள். உங்கள் ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள். அங்கேயும் இல்லை என்றால், தளத்தின் நிர்வாகி மெயிலாக இன்னமும் அந்தத் தம்பியின் முகவரியே இருக்கலாம். இது மிக மிகச் சாதாரணம். அவரிடம் 'தளத்தைச் சரிசெய்து கொடு' என்று கேட்பதைவிட 'வேர்ட்பிரஸ்ஸிலிருந்து வந்த மெயிலை மட்டும் எனக்குத் தள்ளிவிடு' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர வாய்ப்பு அதிகம்.

மெயில் கிடைக்காவிட்டால் இரண்டாவது வழி. இறக்கி வைத்த 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பின் அசல் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணினியில், அதாவது சர்வரில், இருக்கிறது அல்லவா, அதை ஃபைல் மேனேஜரிலேயே திறங்கள். 'டபிள்யூபி டீபக்' என்ற வரியில் 'ஃபால்ஸ்' என்று இருக்கும். அதை 'ட்ரூ' ஆக்கி, அதன் கீழே 'டீபக் லாக்' வரியை 'ட்ரூ' என்றும் 'டீபக் டிஸ்ப்ளே' வரியை 'ஃபால்ஸ்' என்றும் சேர்க்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வக் கையேட்டில் மூன்று வரியும் அப்படியே இருக்கின்றன, அங்கிருந்து நகலெடுங்கள். வாட்ஸாப்பிலோ வேர்டிலோ ஒருமுறை ஒட்டி எடுத்தால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பிஎச்பிக்குத் தெரியும். இப்போது தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரைப் பாருங்கள். 'டீபக்' என்ற பெயரில் ஒரு லாக் கோப்பு முளைத்திருக்கும். வேலை முடிந்ததும் வரிகளைப் பழையபடி மாற்றி, அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். சாதாரண அமைப்பில் வெளியாட்களும் முகவரியைத் தட்டி அதைப் படித்துவிட முடியும்.

லாக்கில் பக்கம் பக்கமாக இருக்கும். 'வார்னிங்', 'நோட்டீஸ்', 'டெப்ரிகேட்டட்' என்று தொடங்குபவற்றை இன்றைக்கு விட்டுவிடுங்கள், அவை முணுமுணுப்புகள். 'ஃபேட்டல் எரர்' என்று தொடங்கும் வரிதான் தளத்தை நிறுத்தியது. அந்த வரிக்குள் கோப்பின் பாதை இருக்கும். பாதையில் 'ப்ளகின்ஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து வருவது ப்ளகினின் பெயர். 'தீம்ஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து வருவது தீமின் பெயர். பத்தில் எட்டு முறை விசாரணை அதோடு முடிந்துவிடும். ஒரே ஒரு வகைப் பிழையில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'மெமரி' தீர்ந்துவிட்டது என்று வந்து, கூடவே 134217728 போல ஒரு நீண்ட எண் இருந்தால் (அது 128 எம்பி), அங்கே பெயர் சொல்லப்படும் கோப்பு குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. நினைவகம் முழுவதையும் வேறொன்று தின்று தீர்த்திருக்க, கடைசி வாய்க்குக் கேட்டது அந்தக் கோப்பாக இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த நேரத்தில் ஹோஸ்டிங்கில் நினைவக வரம்பை உயர்த்திக் கேட்டு உள்ளே போய், ப்ளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதைத் தவிர குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் கிடைத்துவிட்டால் ஃபைல் மேனேஜரில் அந்த ப்ளகினின் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள், போதும். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பெயர் கிடைக்காதபோது 'ப்ளகின்ஸ்' ஃபோல்டர் முழுவதற்கும் பெயரை மாற்றச் சொல்வார்கள். அதுவும் சரிதான், ஆனால் பலர் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். பெயரை மாற்றியதும் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து ப்ளகின்கள் பட்டியலை ஒருமுறை திறக்க வேண்டும். அப்போதுதான் 'இவையெல்லாம் நின்றுவிட்டன' என்று டேட்டாபேஸில் பதிவாகும். அதைச் செய்யாமல் பழைய பெயரைத் திருப்பி வைத்தால் எல்லாம் முன்புபோலவே ஒன்றாக உயிர்த்து, தளம் மறுபடி விழும். ப்ளகினை நிறுத்தினால் அதன் அமைப்புகள் போய்விடாது. நிர்வாகப் பக்கத்தில் 'டிலீட்' கொடுத்தால் சில ப்ளகின்கள் தங்கள் தகவலையும் துடைத்துக்கொண்டு போகும், அதனால் இப்போதைக்கு எதையும் நீக்காதீர்கள்.

எல்லா ப்ளகினையும் நிறுத்திய பிறகும் தளம் எழவில்லை என்றால் தீம்தான் என்று உடனே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஒருமுறை ஒரு கடையின் தளத்துக்காக இரவு 2 மணிவரை தீமைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், தளத்தை வேகப்படுத்துவதற்காகப் போட்டு என்றைக்கோ நீக்கிய ஒரு கேச் ப்ளகின் 'ஆப்ஜெக்ட்-கேச்' என்ற கோப்பை 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரில் நேரடியாக விட்டுப் போயிருக்கிறது. அப்படி நேரடியாகக் கிடக்கும் கோப்புகளும், 'எம்யூ-ப்ளகின்ஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருப்பவையும் நாம் 'ப்ளகின்ஸ்' ஃபோல்டரின் பெயரை மாற்றுவதால் நிற்பதில்லை. அவற்றைத் தனியாகத்தான் நகர்த்திப் பார்க்க வேண்டும். லாக்கை முதலில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை அது. 'எனக்குத் தெரியாததா' என்று நேராக இறங்கியதற்குத் தண்டனை.

தீம்தான் காரணம் என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்தத் தம்பி விலைக்கு வாங்கிய தீமின் கோப்புகளுக்குள்ளேயே கை வைத்து உங்களுக்காக மாற்றங்கள் செய்திருக்கலாம். மாற்றங்களைச் சைல்டு தீம் என்ற தனி ஃபோல்டரில் வைக்காமல் அப்படிச் செய்திருந்தால், தீமைப் புதுப்பித்த கணமே அவர் செய்த மாற்றங்கள் மறைந்துவிடும். அதனால் பழைய தீம் ஃபோல்டரின் நகலை வைத்துக்கொண்டு, வேர்ட்பிரஸ்ஸோடு வரும் 'ட்வென்டி' வரிசை தீம்களில் ஒன்றைத் தற்காலிகமாகப் போடுங்கள். தளம் களையிழந்து தெரியும். ஆனால் கதைகளைப் படிக்க முடியும், வாசகர்கள் அதற்குத்தானே வருகிறார்கள்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லாமல் விடக்கூடாது: யாராவது உள்ளே புகுந்திருக்கலாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் இரண்டு இடத்தைப் பாருங்கள். 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் படங்கள்தான் இருக்க வேண்டும். அங்கே புரியாத பெயரில் பிஎச்பி கோப்புகள் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் கூகுளில் உங்கள் தள முகவரியைத் தேடும்போது ஜப்பானிய எழுத்தில் விளம்பரங்களோ மாத்திரை விற்பனையோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நான் மேலே சொன்ன எதுவும் போதாது. அதைச் சுத்தம் செய்வது தனி வேலை, செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் சட்டென்று தட்டுப்படும் விஷயம் அது. முகவரி பாதியில் அறுவது இந்தப் பழுதால் அல்ல. பதிவின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் உருவாக்கும் முகவரித் துண்டுக்கு டேட்டாபேஸில் 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஓர் இடத்தில் அடங்கிவிடும். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். அதை முகவரிக்கு ஏற்றபடி சதவீதக் குறிகளாக மாற்றும்போது பைட்டுக்கு 3 இடம் வீதம் 9 இடம் பிடிக்கும். ஆக, 22 குறியீட்டோடு கதவு மூடிவிடும். 'சிறுகதை' என்பது நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறியீடு, ஏனென்றால் இகரம், உகரம், ஐகாரக் குறிகள் தனித்தனி. நீங்கள் நீளத் தலைப்பு வைப்பவர் போலிருக்கிறது. பழைய முகவரிகளை இப்போது திருத்தாதீர்கள், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையலாம். இனி எழுதுபவற்றுக்கு முகவரித் துண்டை நீங்களே சிறியதாகக் கொடுத்துவிட்டால் போதும்.

தமிழ் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. இறக்கிய டேட்டாபேஸ் கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். பிஎச்பி மைஅட்மினிலேயே தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம்: பைட்டுகள் சரியாகவே இருந்து, படிக்கும் முறைதான் தவறாக இருக்கும், பெரும்பாலும் மீட்டுவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்பதுதான் ஆபத்து. டேட்டாபேஸுக்குள்ளேயே அப்படிச் சேமிக்கப்பட்டிருந்தால் மூல எழுத்து அங்கே இல்லை, பழைய நகலைத்தான் தேட வேண்டும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் நீங்களே 'கன்வர்ட்' எதையும் அழுத்தாமல் அப்படியே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தவறான முறையில் ஒருமுறை மாற்றிச் சேமித்துவிட்டால் முதல் வகை இரண்டாம் வகையாகிவிடும்.

இன்றைக்கு நகல் எடுப்பதையும் லாக் பார்ப்பதையும் மட்டும் செய்யுங்கள். 'ஃபேட்டல் எரர்' வரி கிடைத்ததும் அதை முழுமையாக எனக்கு எழுதுங்கள், பிஎச்பி பதிப்பு எண்ணையும் சேர்த்து. பாதையில் உங்கள் ஹோஸ்டிங் கணக்கின் பெயர் வந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள். 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பை மட்டும் யார் கேட்டாலும், நானே கேட்டாலும், பொதுவில் ஒட்டாதீர்கள். டேட்டாபேஸின் கடவுச்சொல் அதற்குள் வெட்டவெளியாக எழுதியிருக்கிறது.